ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு

இரண்டும் ஒரே நீலம்.
ஒரே கதவு, ஒரே முகம்.
ஒன்றின் முதுகில் மட்டும்
இரண்டெழுத்து கூடுதல்.
அந்த இரண்டெழுத்துக்கு
ஒன்பதாயிரத்து ஐந்நூறு யூரோ என்கிறார் லைட்னர்,
காபிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தியபடி.
இம்ஸ்டில் ஜூன் மாத வெயில்.
இரண்டு பானெட்டும் ஒன்றுபோலவே சுடுகின்றன.

நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட
இதற்கு ஐந்து புள்ளி ஒன்பது நொடி.
அதற்கு ஐந்தே நொடி.
மிச்சமாவது
ஒரு கண்ணிமைப்பு, ஒரு கைநொடிப்பு,
அதற்குமேல் அரை மூச்சுகூடத் தேறாது.

"அதை வைத்து என்ன செய்வாய்?"
என்று கேட்டான் கோர்பினியன்.
பனிவாரி வண்டி ஓட்டுகிறவனின் கேள்வி.
வசந்தத்தில் கணவாயைத் திறப்பதும்
குளிர் முற்றியதும் அதைக் கைவிட்டு இறங்குவதும்
அவன் பிழைப்பு.
"என் வண்டிக்குப் பின்னால்
எந்த எழுத்துக்கும் மணிக்கு இருபதுதான்."
பால்கனி ஒழுகுவதையும் சொன்னான்,
உப்பை எடுத்து நீட்டுகிற சாக்கில்.

நான் பதில் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும்:
இருபத்திரண்டு வயதில்
ஒரு மலையிலிருந்து
ஒரு நிமிடம் நாற்பத்தொரு நொடி
விழாமல் விழுந்துகொண்டே வந்தவள் நான்.
மூன்றாம் இடத்துக்கும் எனக்கும் நடுவே
பத்தில் நாலு நொடி.
அந்தச் சந்தில்
ஏழு பெண்கள் தாராளமாக நின்றார்கள்.
பதினோராவதாக வந்தவளுக்குக்
கைகுலுக்கினார்கள், சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள்.
இப்போது பூட்ஸ் கடையில்
ஊரார் கணுக்காலை மில்லிமீட்டரில் அளக்கிறேன்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று
எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

சாதா வண்டியை முதலில் ஓட்டினேன்.
மூன்றாவது கொண்டையூசி வளைவில்
பின்சக்கரம் லேசாக வழுக்க
வாய்விட்டுச் சிரித்தேன்.
லைட்னரும் சிரித்தார், கைப்பிடியை விடாமல்.

மற்றதில் சிரிப்பு வரவில்லை.
இருக்கை என் விலாவைப் பற்றிக்கொண்டது,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவன் மாதிரி.
பிரேக்கை மிதித்தபோதுதான் தெரிந்தது,
அவ்வளவு தாமதமாக நான் எதையும்
பதினேழு வருடமாக மிதித்ததில்லை.
இருமுறை அறுத்துத் தைத்த முழங்கால்
வளைவை எனக்கு முன்பே படித்தது.
வேலியோரம் ஒரு பசு தலையைத் தூக்கியது.
யாரும் எண்ணச் சொல்லவில்லை.
உள்ளே யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி?" என்றார்.
"சாதாவே போதும்" என்றேன்.
பொய் இல்லை. சந்தோஷத்துக்கு அது போதும்.
டயர் மலிவு, குதிரைத்திறனுக்கான வரி குறைவு,
பால்கனிக்குத் தகரமும் போட்டுவிடலாம்.
கணக்கில் ஒரு பிசகும் இல்லை.
பிசகில்லாத அந்தக் கணக்கோடு
இரவு இரண்டரை வரை விழித்துக் கிடந்தேன்.

காலையில் கடை திறந்ததும் ஃபோன் போட்டேன்.
"அந்த இரண்டெழுத்தையும் பெயர்த்துவிட முடியுமா?"
"எல்லோரும் அதற்குத்தானே வாங்குகிறார்கள்!"
"முடியுமா, முடியாதா?"
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
"முடியும்" என்றார். "அதற்குக் காசு வேண்டாம்."

அந்த வருடம் முதல் பனி அவசரமாக வந்தது.
பால்கனியில் இப்போது ஒரு வாளி இருக்கிறது.
கணவாயில் அவன் முன்னால் வாரிக்கொண்டே,
நான் பின்னால், சொன்னபடியே மணிக்கு இருபதில்.
எழுத்தில்லாத நீலம். வேறு யாருமில்லை.
அகலமான ஓர் இடம் வந்ததும்
விளக்கைச் சிமிட்டி, ஒதுங்கி நின்று,
ஜன்னலை இறக்கி
"போ" என்று கை காட்டினான்,
மாப்பிள்ளையை முன்னால் விடுகிறவன் மாதிரி
ஒரு குனிவோடு.

அவன் வண்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தேன்.
முழங்கால் ஆழம். வளைவு வரை வெள்ளை.
ஒரு தடமும் இல்லை.